கதவு திறந்ததா என்று நீ கேட்டாய்

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று இன்று காலை இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மேலேயே உன் மெரூன் ஸ்வெட்டர். அதற்கடியில் நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போன நாடக நோட்டு. இரண்டு வருஷமாக இந்தப் பெட்டிப் பக்கமே போகாமல் சமாளித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுகிறேனடி. இனிமேல் எப்படித் தள்ளிப்போட முடியும்?

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள், எதற்கெடுத்தாலும் பயம். நீ கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய காலாபானிக் காலத்திலிருந்து இந்தத் தீவிலேயே இருக்கும் பெரார்கஞ்ச் குடும்பம், யாருக்கும் பயப்படமாட்டாய். பாதி இந்தியும் பாதி தமிழுமாக நீ பேசுவதை நான் கேலி செய்யாத நாளே கிடையாது. "உன் தமிழ் மட்டும் என்ன, அரே, எல்லாத்துக்கும் ஏலே ஏலேன்னு" என்று நீயும் விடமாட்டாய்.

அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "யுத்தத்துல இந்தத் தீவைப் பிடிச்ச ஜப்பான்காரன், எங்க தாத்தாவோட அண்ணனை உளவாளின்னு சொல்லிக் கொண்டுபோனான்டி. திரும்பி வரவேயில்ல. அவன் இங்க வர்றதுக்கு முன்னாடியே பெய்ஜிங்ல ஸ்டூடண்ட்ஸ் அவனை எதிர்த்துத் தெருவுல இறங்கியிருக்காங்க. நம்ம பசங்களுக்கு இது தெரியவேணாமா?"

அதைத்தான் நாடகமாக எழுதினாய். வடசீனத்தை ஜப்பான் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்த வருஷம். எதிர்த்து நில்லுங்கள் என்று தங்கள் அரசாங்கத்திடம் கேட்டு, உறையும் குளிரில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சொந்தப் போலீஸே அவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. அது உடுப்பிலேயே பனிக்கட்டியாக இறுகியது. வெளியிலிருந்து வந்த மாணவர்கள் நுழையாதபடி நகரத்தின் பெருங்கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் கதவின் அடியிலிருந்த சந்து வழியாகத் தரையோடு தரையாக உள்ளே ஊர்ந்துபோய், தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தாள்.

"கவனிச்சியாடி? கதவைச் சாத்தினவன் ஜப்பான்காரன் இல்ல" என்றாய். நான் கணக்குப் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே தலையாட்டினேன்.

குளிருக்கு எங்கே போவது? இந்தத் தீவில் எந்த வீட்டில் ஸ்வெட்டர் இருக்கிறது? வடக்கே வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவர்களின் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாய். பூஞ்சை பிடித்தது, பூச்சியரித்தது என்று பதினோரு ஸ்வெட்டர். ஒத்திகை ஹாலே அந்துருண்டை வாசனை. ஊர்ந்துபோகும் மாணவியாக நடித்த பெங்காலிப் பெண், உன் மெரூன் ஸ்வெட்டருக்குள் தொப்பலாக நனைந்து நின்றாள். "நடுங்கச் சொன்னா வேர்த்து ஊத்துறியே, பகவான்!" என்று நீ தலையில் கைவைத்துக்கொண்டாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் வயிற்றுக்குள் என்ன கட்டி வளர்கிறது என்று அந்தச் சிரிப்பின்போதே உனக்குத் தெரிந்திருந்தது. என்னிடம்கூட நீ சொல்லவில்லை.

நாடகம் சனிக்கிழமை என்று இருந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமையே உன்னை மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்துவிட்டார்கள். விமானத்துக்குப் போகிற வழியில் டெலானிபூரில் என் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, நோட்டையும் ஸ்வெட்டரையும் என் கையில் திணித்தாய். "நீ ஸ்கூல் இன்சார்ஜா இருக்க, எனக்கென்ன கவலை? இந்த நாடகத்தை மட்டும் எப்படியாவது போட்டுடுடி. நான் திரும்பி வருவேனான்னு தெரியல. கடைசிப் பக்கத்தையாவது படிச்சுப் பார்." படிக்கிறேன் என்றேன். சத்தியமாகப் படிக்கத்தான் நினைத்தேன்.

புதன்கிழமை ஒரு பிள்ளையின் அப்பா போன் செய்தார். "மேடம்ஜி, பார்டர்ல நம்ம ஜவான் நிக்கிறான், நீங்க ஸ்கூல்ல சைனாக்காரனைப் புகழ்ந்து நாடகம் போடுறீங்களாமே?" அவ்வளவுதான். மிரட்டக்கூட இல்லை அவர். இது சீனாவைப் புகழ்வதில்லை, அந்நியன் வந்தபோது எழுந்து நின்ற பிள்ளைகளைப் பற்றியது, இதே ஜப்பான்காரனிடம் நாமும்தான் அடிபட்டோம் என்று எனக்கு விளக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் யாராவது மேலே எழுதிப்போட்டால் என்னைக் கடல் தாண்டி ஹட் பேக்குத் தூக்கியடிப்பார்கள், மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்றே மனசு ஓடியது. மத்தியானமே ஹாலைப் பூட்டிச் சாவியை என் மேஜைக்குள் போட்டுக்கொண்டேன். மேடம் திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அந்தப் பெங்காலிப் பெண், ஒத்திகைக்கு நான் கொடுத்திருந்த உன் ஸ்வெட்டரை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து நீ கூப்பிட்டாய். குரல் நூல் மாதிரி இருந்தது.

"நாடகம் ஆச்சாடி?"

"ஆச்சுடி. ஹால் கொள்ளாத கூட்டம்."

"கதவு? திறந்துச்சா?"

"திறந்துச்சுடி. அவ தாழ்ப்பாளை இழுத்ததும் ஒரே கைதட்டல்."

பின்னால் யாரோ டிராலி தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அச்சா. பஸ், போதும்டி. நீ அழாதே" என்றாய். நான் அப்போது அழவேயில்லை. மருந்து மயக்கத்தில் ஏதோ உளறுகிறாய் என்று நினைத்தேன். சாகப்போகிறவளைச் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன், பாவி. ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்றைக்குத்தான் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். வசனமெல்லாம் இந்தி, குறிப்பு மட்டும் உன் சாய்ந்த எழுத்தில் தமிழ். 'கதவு திறக்காது. அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் மூடிய கதவுக்கு வெளியே குளிரில் அப்படியே நிற்கவேண்டும். கைதட்ட நேரம் கொடுக்காமல் திரையை இறக்கவும்.'

ஐயோ, உனக்குத் தெரிந்துவிட்டதே! நான் நாடகம் போடவில்லை, நோட்டைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை என்று அந்தப் படுக்கையில் கிடந்துகொண்டே உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே. அதோடு ஒன்பது நாள் எப்படியடி கிடந்தாய்?

பிள்ளைகள் செய்த பிளைவுட் கதவு ஹாலுக்குப் பின்னாலேயே கிடக்கிறது, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்வெட்டர் கொடுத்த அந்தப் பெண்ணும் பள்ளி முடித்துப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவேன். ஸ்வெட்டரையும் நோட்டையும் மட்டும் கூடவே எடுத்துப்போகிறேன், அதைப் போட்டுக்கொள்ளக் குளிரே இல்லாத ஊருக்கு. அழாதே என்றாயே, அதைத்தான் என்னால் சுமக்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமேடி.