நுனியில் ஒளிர்ந்தது

மார்ச் 4

211. நேற்றும் 211.

பல் துலக்குவதற்கு முன்பே பார்க்கிறேன். என் ஏழு கட்டுரைகளை உலகில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண். அதில் 188 ஒரே கட்டுரைக்கு. வளரும் நரம்பணுவின் நுனியில் ஒரு புரதம் வந்து கூடுகிறது என்று ஆறு வருடங்களுக்கு முன் சொன்னது. மற்ற ஆறும் சேர்ந்து 23. அதிலும் பாதி, நானே என்னைக் காட்டிக்கொண்டது.

கிரிக்கெட் பைத்தியமான அப்பா போனில் “ஸ்கோர் என்னம்மா?” என்பார். சொன்னால், “இன்னும் அதேதானா? கட்டையப் போட்டுக்கிட்டு நிக்காத.”

ஜூனில் வேலை நீட்டிப்புக் குழு கூடுகிறது. இருநூறுக்குக் கீழே இருந்தால் பெயரையே வாசிக்க மாட்டார்களாம்.

மார்ச் 19

அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த எலிகள் ஒருவழியாக வந்துவிட்டன. பழைய கட்டுரையின்போது கிடைக்காதவை. அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும் எங்கள் ஆன்டிபாடியை இவற்றின் நரம்பணுக்களில் இட்டால், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், படம் வெறும் கறுப்பாக வர வேண்டும். புதுக் கட்டுரைக்கு அந்தக் கறுப்புப் படம் ஒன்று தேவை. வெறும் சம்பிரதாயம்.

மார்ச் 27

ஒளிர்கிறது.

மார்ச் 28

நுண்ணோக்கி அறையைப் பார்த்துக்கொள்பவர் நாள் முழுக்க விளக்கணைத்த அறையில் இருப்பதால் எங்களுக்கு இருட்டக்கா. தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேனா என்று கேட்டேன்.

“மூணு தடவ பாத்தாச்சு பாப்பா. தட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ மொதல்ல உக்காரு.”

புரதம் இல்லாத அணுவின் நுனியிலும் அதே பச்சை. அதே அழகு. ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது — ஆறு வருடமாக.

ஏப்ரல் 2

பேராசிரியரிடம் காட்டினேன். கட்டுரையில் கடைசிப் பெயர் அவருடையது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இத யாரு கேட்டாங்க?”

“யாரும் கேக்கல சார்.”

“அப்புறம் என்ன? ஜூன் முடியட்டும். அந்தப் பேப்பர இப்ப எடுத்துட்டா உன்கிட்ட என்ன மிஞ்சும்?”

“இருபத்திமூணு.”

“எனக்கு முன்னூறு பேப்பர் இருக்கு. ஒண்ணு போனா கொசு கடிச்ச மாதிரி. உனக்காகத்தான் சொல்றேன்.”

உண்மையாகவே எனக்காகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 3

212.

ஏப்ரல் 11

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். எதைத் தேடுகிறேன் என்று தெரிந்தேதான்.

மூன்று வருடங்களுக்கு முன், வேறொரு ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவி. புரதத்தோடேயே ஒளிரும் ஒட்டு ஒன்றைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். “நுனிக்கு வரவே இல்லை மேடம். எட்டு மாதமாகச் செய்கிறேன். என் கையில்தான் தப்பா?”

என் பதில் இரண்டு வரி. ஒட்டு வழியை மறிக்கிறது, மறுமுனையில் மாற்றிப் பாருங்கள். பொறுமை வேண்டும். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

சிரிப்புப் பொம்மை! அறிவிருக்காடி உனக்கு? அவ பாத்ததுதானே சரி. அவ பாத்த இருட்டுதானே சரி.

ஏப்ரல் 12

கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு இதழுக்கு எழுதினேன். பேராசிரியருக்கும் நகல். அவளுக்கும் எழுதினேன்: நீங்கள் பார்த்தது சரி. தவறு என்னுடையது.

அவளுக்கு அனுப்பியது உடனே திரும்பி வந்தது. அந்த முகவரி இப்போது இல்லை. அவள் ஆய்வகத்துக்கு அனுப்பி, எங்கிருந்தாலும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

மே 30

என் கட்டுரையின் குறுக்கே சிவப்பு எழுத்து: திரும்பப் பெறப்பட்டது. ஒன்றரை மாதமாகப் பேசாத பேராசிரியர் லிஃப்டில் “சாப்டியா?” என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மேட்சை அணைத்தார். பிறகு, “அம்பயர் கையத் தூக்கவே இல்ல. நீயா நடந்து வந்துட்ட.”

“ஆமாப்பா.”

“சரி. வீட்டுக்கு வா.”

ஜூன் 16

குழு கூடியது. பெயரை வாசிக்கவில்லை.

ஜூன் 29

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து பதில் வந்தது.

“ஒட்டை மாற்றி மாற்றி இரண்டு வருடம் பார்த்தேன் மேடம். கை சரியில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். போன வருடம் விட்டுவிட்டேன். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிக்கிறேன். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘அப்ப திரும்பிப் போலாம்ல?’ என்கிறார். போகலாமா மேடம்?”

ஜூலை 3

பழக்கதோஷம், பார்த்துவிட்டேன். அந்தக் கட்டுரைக்கு 190. சிவப்பு எழுத்தைத் தாண்டிப் போய் யாரோ என்னை நம்பியிருக்கிறார்கள். நம்ப வேண்டாம் என்று அவருக்கு எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை.

அவளுக்கு எழுதியது நான்கு நாட்களாகத் திரையில் கிடக்கிறது. ஒரே சொல்: போகலாம்.

என் சொல்லை நம்பி ஏற்கெனவே ஒருமுறை போனவள் அவள். இரண்டு வருடம்.

இன்றும் அனுப்பவில்லை.