கை படாத குழாய்

அருப்புக்கோட்டை
5.5.1988

ப்ரியா அப்பாவுக்கு,

நலம். ப்ரியா எட்டாம் வகுப்பு பாஸ். அதை அவளே தனியாக எழுதுவாள். இது தொட்டிக் குழாய் விஷயம்.

நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை முப்பத்திரண்டு குடம் தூக்கி ஊற்றித் தொட்டியை நிரப்புகிறோம். மூன்றாம் நாள் காலையில் தரை தெரிகிறது. எவ்வளவு இறுக்கினாலும் குழாய் ஒழுகுகிறது. நான் மில்லில் இருக்கும் நேரத்தில் அடியில் வைத்த வாளி நிறைந்து முற்றத்தில் ஓடுகிறது.

ஊர் ஊராகப் போய் அடிபம்பு ரிப்பேர் பார்க்கிற உங்களுக்கு இது தெரியாமல் இராது. எப்படிக் கழற்றுவது, எதை மாற்றுவது என்று எழுதுங்கள். வரவேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் என் அண்ணனை வைத்துக்கொண்டு, "ஒரு குழாயை மூடக்கூட இவளுக்கு நான்தான் வரணும்" என்றீர்கள். "இனி உங்க கை படாமலே இந்த வீடு நடக்கும்" என்று நானும் சொன்னேன். செருப்பைக்கூடப் போடாமல் போய் பஸ் ஏறினீர்கள். சொன்னது சொன்னதுதான்.

சந்தனம்மாள்


நரிக்குடி
8.5.1988

அன்புள்ள சந்தனத்துக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து இரண்டு வருஷம். விஷயத்துக்கு வருகிறேன்.

தொட்டி காலியான பிறகு ஆரம்பி. இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொள். விட்டால் சிமெண்டோடு சுற்றிப் பெயர்ந்துவிடும். இன்னொன்றால் தலைப்பக்கத்து நட்டை இடது பக்கம் திருப்பு. தண்டு வெளியே வரும். அதன் அடியில் வட்டமாக இருப்பதுதான் வாசர். தேய்ந்திருக்கும். கடை வாசர் அதில் உட்காராது. பழைய சாமான் கடையில் நான் பிடித்த குழாய் அது.

பம்புத் தோலில் அளவாக ஒன்று வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணெயில் ஒருநாள் ஊறப் போட்டு மாட்டு. சிரமமாக இருந்தால் ஒரு கார்டு போடு. காலை பஸ்ஸில் வந்து மதியமே திரும்பிவிடுவேன்.

பூமிநாதன்


அருப்புக்கோட்டை
12.5.1988

ப்ரியா அப்பாவுக்கு,

தோல் வாசரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கை பட்டது வேண்டாம் என்றுதானே சொன்னேன்?

சைக்கிள் கடை வெள்ளத்துரையிடம் ஸ்பேனர் கேட்டேன். "ஏன்க்கா, அண்ணன் வரலையா?" என்றார். "ஸ்பேனர் கேட்டா ஸ்பேனரைக் குடுங்க" என்றேன். பழைய டியூபில் ஒரு துண்டும் கொடுத்தார். நேற்று கழற்றி, டியூபை இரண்டு மடிப்பாக வெட்டி மாட்டினேன். இன்று தண்ணீர் வந்தது. முன்பு சொட்டியது, இப்போது ஊற்றுகிறது. ப்ரியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கழற்றுவதும் மாட்டுவதும் கைக்கு வந்துவிட்டது. எதில் வெட்டினால் நிற்கும் என்று மட்டும் எழுதுங்கள்.

சந்தனம்மாள்


நரிக்குடி
15.5.1988

அன்புள்ள சந்தனத்துக்கு,

திரும்பி வந்த வாசரைப் பரளச்சியில் ஒரு பம்புக்குப் போட்டுவிட்டேன். அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டியூப் மெலிசு, நிற்காது. பழைய ரப்பர் செருப்பு எடு. குதிகால் பக்கம் மிதிபட்டு இறுகியிருக்கும். அதில் பழைய வாசரை வைத்துக் கோடு போட்டு பிளேடால் வெட்டு. கனம் அதிகம் என்றால் சீவிக்கொள். நடு ஓட்டைக்கு ஆணியைச் சுடவைத்துக் குத்து.

அன்று உன் அண்ணன் முன்னால் நான் பேசியது தப்பு. செருப்புச் சங்கதியோடு சேர்த்து எழுதுவது முறையில்லை. நேரில் சொல்லத்தான் வைத்திருந்தேன், நீ கூப்பிடவில்லை.

பூமிநாதன்


அருப்புக்கோட்டை
25.5.1988

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

எங்கள் இருவர் செருப்பும் தோல். வீட்டில் இருக்கும் ரப்பர் செருப்பு ஒரே ஜோடி. அது யாருடையது என்று உங்களுக்கே தெரியும். விட்ட இடத்திலேயே, வாசல்படிக்கு வலதுபுறம் கிடந்தது. ஆம்பிளை இருக்கிற வீடு என்று போகிறவர் வருகிறவருக்குத் தெரியட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன் என்று ப்ரியாவிடம் சொல்லியிருந்தேன். அவள் அதை நம்பவில்லை. வாசல் தெளிக்கும்போது நனையாமல் எடுத்துவைத்து, பிறகு அதே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், வெட்ட மனம் வரவில்லை. "அப்பா வந்து செருப்பு எங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?" என்று வேறு கேட்டாள். பத்தொன்பதாம் தேதி தொட்டி காய்ந்த பிறகு, இடதுகால் குதியில் வெட்டிவிட்டேன். நீங்கள் அந்தக் காலைத்தான் அழுத்தி மிதிப்பீர்கள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. முப்பத்திரண்டு குடம். அன்று முழுவதும் குழாயடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். நேற்று அடுத்த தண்ணீர் வந்தபோது தொட்டியில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டு இல்லை.

உங்கள் கை படாமல் செய்து முடித்தேன். உங்கள் கால் பட்டதைத் தவிர்க்க முடியவில்லை.

வெட்டின செருப்பை இனிப் போட முடியாது. பஜாரில் ஒன்பதாம் நம்பரில் புது ஜோடி வாங்கி அதே இடத்தில் போட்டிருக்கிறேன். அளவு சரியா என்று பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை. குழாய்க்கு நீங்கள் வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு ப்ரியா ஸ்டாண்டில் நிற்பாள்.

மதியமே திரும்ப வேண்டாம்.

சந்தனம்