ஒன்பதாவது வெள்ளியும் நீல ஸ்டூலும்

மதினி,

இன்று காலை உங்கள் ஸ்டூல் விரிசல் விட்டது. உட்கார்ந்ததும் ‘டக்’கென்று ஒரு சத்தம். எழுந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு காலில் மேலிருந்து கீழ்வரை கோடு. தென்காசி ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்கள் உட்கார இடமில்லை என்று, எதிர்க்கடையில் வாங்கி வந்தோமே, அந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூல்தான். நீங்கள் போன பிறகு குத்துக்கல்வலசை வீட்டுக்கு அதுவும் என்னோடு வந்துவிட்டது. இப்போது என்னைக் கட்டிய உங்கள் தம்பியின் கட்டிலோரம் கிடக்கிறது.

அவருக்கு வாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி முதல் எதையும் எழுதி வைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இப்போது நோட்டில் மாத்திரை நேரமும், கஞ்சி எத்தனை கரண்டி இறங்கியது என்பதும், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தேன் என்பதும்தான் இருக்கின்றன. களைப்பாக இருக்கிறது மதினி. ஆண்டவருடைய அன்பைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்கும்போது குளிர்ச்சியாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அந்த அன்பு மூத்திர வாடையும் காயாத துணியுமாகக் கிடக்கிறது. இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். சாமியாரிடம் சொன்னால் இன்னும் ஒரு செபமாலை கூடச் சொல்லச் சொல்வார்.

உங்கள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்த மாதமே நான் முதல் வெள்ளி எடுத்தேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு, நன்மை என்கிற திருஅப்பத்தை வாங்க வேண்டும். தொடர்ந்து ஒன்பது மாதம். நடுவில் ஒன்று விட்டாலும் திரும்ப ஒன்றிலிருந்துதான். ஒவ்வொன்று முடிந்ததும் சமையலறைக் காலண்டரில் அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவேன். நீங்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பீர்கள். சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் எண்ணெயும் துண்டும் விற்றவர் நீங்கள். நனைந்துகொண்டே போகிற கூட்டத்தை இருபது வருஷம் பார்த்த வாய், சும்மா இருக்குமா?

“ஏட்டி, அருவிக்குள்ள தலையக் குடுத்தவ, எத்தன சொட்டு விழுந்துச்சுன்னா எண்ணிக்கிட்டு நிப்பா?”

எண்ணாமல் எனக்கு எதையும் செய்ய வராது. எண்ணினால்தான் ஆண்டவரிடம் கேட்க உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு முடிந்தது. ஒன்பதாவது வெள்ளி வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் எட்டு நாளாகப் படுத்திருந்தீர்கள்.

அன்று விடிந்ததும் நான் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நீங்கள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தீர்கள். எதையும் கேட்டு வாங்காத ஆள் நீங்கள். அன்று கேட்டீர்கள்.

“இன்னைக்கு ஒருநா இங்கன இரியேன்.”

ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன், இது ஒன்பதாவது, உங்களுக்காகத்தானே போகிறேன் என்று சொன்னேன். சரி போ, ஆண்டவரிடம் நான் கேட்டதாகச் சொல்லு என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் போனேன். பூசையில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. நன்மை வாங்கி இடத்துக்கு வந்ததும் மனசுக்குள் ‘ஒன்பது’ என்று சொல்லிக்கொண்டேன். அதைத்தான் அன்று நான் செய்த செபம் என்று சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தபோது ஸ்டூல் நான் போட்ட இடத்தில் இல்லை. உங்கள் தலைமாட்டுக்கு நகர்ந்திருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடியை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். உங்கள் கையில் செபமாலை, அதோடு சேர்த்து நாலு துளசி இலை. நான் துளசியையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முடிஞ்சிட்டா ஒன் கணக்கு?”

“முடிஞ்சிட்டு மதினி.”

“நீ அவரப் பாக்க அங்கன போனே. அவரு ஒன்னயத் தேடி இங்கன வந்தாரு, பாத்துக்கோ. ஸ்டூலு சும்மாதான கெடந்துச்சு. செத்த இருந்துட்டுப் போனாரு.”

வழக்கமான குத்தல் என்று நினைத்து நானும் சிரித்தேன். பிறகுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சொன்னாள். நான் போன கொஞ்ச நேரத்தில் நீங்கள் வாந்தி எடுத்தீர்களாம். அவளுக்குத் துணையாக வந்திருந்த அவளுடைய அம்மா, கீழப்பாவூர்க்காரர், ஓடி வந்து உங்கள் தலையைத் தாங்கிப் பிடித்து, பேசினைக் கழுவி வைத்து, நான் வருவதற்குச் சற்று முன்புவரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாராம். நரசிம்மர் கோயில் துளசி அவர் மடியில் இருந்தது. அதை உங்கள் கையில் வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருக்கிறார். வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “இதுல என்ன இருக்கும்மா” என்றார்.

நாலாவது நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஒன்பது முடித்தும் ஏன் என்று ஆண்டவரிடம் ரொம்ப நாள் சண்டை போட்டேன். அந்தச் சண்டை ஓய்ந்த பிறகு மிஞ்சியது வேறொன்று. இரி என்று கேட்டவரை விட்டுவிட்டுப் போனேனே என்பது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பூசைக்குப் போனது பாவமில்லை என்றார் சாமியார். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிலுவைக் குறிகளில் கடைசி ஒன்று மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வருஷம் முடிந்தும் அந்தக் காலண்டரைக் கழற்ற மனசு வரவில்லை. அதன்மேலேயே புதியதை மாட்டியிருக்கிறேன்.

உங்கள் தம்பிக்காக மறுபடியும் முதல் வெள்ளி எடுத்திருக்கிறேன். திருந்தவில்லை என்று சொல்வீர்கள். நாலு முடிந்தது. இன்று ஐந்தாவது. விடியும் முன்பே எழுந்து அவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு, சேலை மாற்றி வந்து நின்றேன். வெளியே சாரல். அவர் என் சேலையைப் பார்த்தார். அது பூசைக்கு உடுத்துகிற சேலை என்று அவருக்குத் தெரியும். இடக்கை மெல்ல நகர்ந்து கட்டில் ஓரத்துக்கு வந்தது. ஸ்டூலின் மேல் விழுந்தது. அங்கேயே கிடந்தது.

அவர் கேட்கவில்லை மதினி. கேட்க அவருக்கு வாய் இல்லை.

அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஸ்டூல் சத்தம் போட்டது. பூசைக்கான கோயில் மணி கேட்டது. முதல் மணி, இரண்டாம் மணி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று நோட்டில் எழுதவில்லை. செபமும் சொல்லவில்லை. அவர் தூங்கிப்போனார். நானும் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் தூங்கியிருக்கிறேன்.

எழுந்து சமையலறைக்குப் போய் பென்சிலை எடுத்தேன். ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. சட்டப்படி இனி ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். உலை கொதிக்கிறவரைக்கும் நின்றேன். பிறகு சிலுவையைப் போட்டுவிட்டேன்.

இது கணக்கில் சேருமா என்று சாமியாரிடம் கேட்கப்போவதில்லை. ஸ்டூலின் காலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நீங்கள் ஆண்டவர் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கேட்டு வையுங்கள்.