கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாணக் கார்டு

5 ஆகஸ்ட் 1996, திங்கள்

வலது தோள் மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். மனைவி நாகம்மை என் இரண்டு பைகளையும் பாசார் சந்தைக்குக் கொண்டுபோய்க் காய்கறித் தராசில் வைத்துப் பார்த்தாள். பதினொரு கிலோ! எல்லாம் கல்யாணக் கார்டு ஆல்பம். இதைச் சுமந்து வீடு வீடாக அலைகிறவனைக் கழுதை என்று சொல்லாமல் சேல்ஸ் ரெப்ரசென்டேட்டிவ் என்று சொல்கிறார்கள். மரியாதைதான்.

அச்சகத்தில் முதலாளி சலாவுதீன் பாயிடம் சொன்னேன். "முடியலன்னா சொல்லுங்க சோலை. தீபாவளிக்கு அப்புறம் கிள்ளான் ஏரியாவ வேற ஆளுக்குக் கொடுத்துர்றேன். நீங்க கவுண்டர்ல உக்காருங்க" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால், இருபத்திரண்டு வருஷமாகக் கிள்ளானில் வீடு வீடாகக் காபி குடித்து, கதை கேட்டு, வாயாலேயே பிழைத்தவன் நான். பிரிக்பீல்ட்ஸ் அச்சகக் கவுண்டரில் ரசீது கிழித்துக்கொண்டு எத்தனை நாள் தாங்குவேன்?

9 ஆகஸ்ட், வெள்ளி

ரயிலில் டை கட்டிய ஒரு பையன் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். என் பை அவன் காலில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கக் குனிந்தபோதுதான் தோன்றியது — ஆறு ஆல்பத்தையும் அதற்குள் போட்டுவிட்டால்?

நாகம்மையிடம் சொன்னேன். "டிவி ரிமோட்டுக்கே என்னைக் கூப்பிடுறீங்க" என்றாள்.

17 ஆகஸ்ட், சனி

இம்பி பிளாசா. ஒன்பது கடை. எல்லாரும் மெகா மெகாவாக என்னவோ சொன்னார்கள். கோயில் பிரசங்கத்தில் ஆட்டுவதுபோல் தலையை ஆட்டினேன். நான் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை கிலோ? மூன்றரை என்றால் அடுத்த கடை. வீட்டில் டேபிள்மேல் வைத்து அழகு பார்க்கவா வாங்குகிறேன்? தினமும் தோளில் மாட்டிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறி இறங்க வேண்டும்.

24 ஆகஸ்ட், சனி

வாங்கிவிட்டேன். செகண்ட் ஹேண்ட். இரண்டு கிலோ சொச்சம். விலை ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. புதுசு வாங்குவதென்றால் நாகம்மையின் வளையல் இறங்கவேண்டியிருக்கும்.

பையில் போட்டு, தோளில் மாட்டி, கடை வராந்தாவில் மூன்று சுற்று நடந்து பார்த்தேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரச் சீனப் பையன், "அங்கிள், ஆன் பண்ணிப் பாக்கலையா?" என்று கேட்டான். பார்த்தேன். என் பெயரை அடித்தேன். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. பளிச்சென்று இருந்தது. வேறென்ன பார்க்க வேண்டும்?

30 ஆகஸ்ட், வெள்ளி

அச்சகத்தில் டைப் அடிக்கும் இந்திரா இருபது கார்டுகளை ஸ்கேன் செய்து பிளாப்பி பிளாப்பியாக ஏற்றிக் கொடுத்தது. தமிழில் அடிக்கவும், அடித்ததைச் சேமிக்கவும் சொல்லிக் கொடுத்தது. அழிப்பது எப்படி என்று கேட்டேன். "அங்கிள், அதுல மட்டும் கை வைக்காதீங்க லா. எல்லாத்தையும் அழிச்சிருவீங்க." சரி, வைக்கவில்லை. இதுவரை சோலையப்பன் என்ற பெயர் ஏழு தடவை உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

கார்டுகளைத் திறந்து பாருங்கள் என்றது. பேட்டரி தீர்ந்துவிடுமே என்று மூடிவிட்டேன். திறப்பு விழா கிள்ளானில்தான்.

8 செப்டம்பர், ஞாயிறு

திறப்பு விழா நடந்தது. மானம் கப்பலேறியது.

கிள்ளானில் சபாபதி அண்ணன் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒரே மகளுக்குத் தையில் கல்யாணம். நான் கையை வீசிக்கொண்டு போனேன். சாமி விளக்குக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, பெரிய இவனாட்டம் திறந்தேன்.

சிவப்புக் கார்டு கறுப்பாக வந்தது. குங்குமக் கலர் — கறுப்பு. மஞ்சள் கார்டு சாம்பல். பிள்ளையாரும் சாம்பல். இருபதும் அப்படியே. கலரே வராத மிஷினை வாங்கியிருக்கிறேன்! கிலோ கேட்டவன் கலர் கேட்கவில்லையே, முட்டாள், முட்டாள்!

அவர் மனைவி தனலெட்சுமி எழுந்தே விட்டார். "என்னாண்ணே இது? கல்யாண வீட்டுல வந்து கருமக்கிரியை கார்டு காட்டுறீங்க?"

"நெசத்துல இது செவப்புதான்க்கா..."

"மொதல்ல அத வெளக்குகிட்ட இருந்து எடுங்க. அபசகுனம்."

சபாபதி அண்ணன்தான் எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார். "என்னா லேசா இருக்கு! நாப்பது டன் தூக்குனவன் மடியில பூனைக்குட்டி மாதிரி உக்காந்திருக்கு பாரு." எங்கே அடிப்பது என்று கேட்டார். காட்டினேன். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கால் மணி நேரம் அடித்தார்: திரு சபாபதி – திருமதி தனலெட்சுமி தம்பதியரின் அன்பு மகள். மகள் பெயருக்கு வரும்போது பேட்டரி கத்தியது. அவசரமாகச் சேமித்து மூடினேன்.

ஆர்டர் இல்லை. காபியும் பாதியோடு நின்றது.

9 செப்டம்பர், திங்கள்

பாய் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "தீபாவளி வரைக்கும் பாப்போம்" என்றார்.

15 செப்டம்பர், ஞாயிறு

நாகம்மை லேப்டாப்மேல் துணி போட்டு மூடி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறாள். நான் மறுபடி பதினொரு கிலோ. தோளில் தைலம்.

6 அக்டோபர், ஞாயிறு

மேல்வீட்டு லெட்சுமி அக்காவின் கணவர் போன வாரம் தவறிவிட்டார். கருமக்கிரியைக் கார்டு அடிக்க வேண்டும், ஆனால் யாரும் வீட்டைவிட்டு அசையும் நிலையில் இல்லை. இஸ்திரிப் பெட்டியை நகர்த்திவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். தரையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். மருமகன் பெயர் விட்டுப்போனது என்றார்கள், சேர்த்தேன். ஊர்ப் பெயர் மாற்றினார்கள், எனக்குத்தான் அழிக்கத் தெரியாதே, முதலிலிருந்து மறுபடி அடித்தேன். அங்கேயே எல்லாரும் பார்த்து, சரி என்றார்கள். நாளைக் காலை கார்டு கைக்கு வந்துவிடும்.

இந்தக் கார்டுக்குக் கலர் எதற்கு? கறுப்பும் வெள்ளையும் போதும்.

11 நவம்பர், திங்கள்

தீபாவளி முடிந்தது. கிள்ளான் என்னிடமே இருக்கிறது. கல்யாண ஆல்பங்கள் சனிக்கிழமை அச்சக வேனில் வந்துவிடும், மற்ற நாளில் நான் லேப்டாப்போடு சாவு வீட்டுக்குப் போகலாம் என்று பாய் சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் பதினொரு கார்டு ஆர்டர். தோள் வலி பாதி குறைந்துவிட்டது.

ஒரே குறை — கிள்ளானில் நான் கறுப்புப் பையோடு நடந்தால், "யாரு போயிட்டாங்க?" என்று கேட்கிறார்கள். நேற்று தீபாவளிப் பலகாரத்தோடு ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே முறுக்குதான் இருந்தது.

10 டிசம்பர், செவ்வாய்

தனலெட்சுமி அக்கா அச்சகத்துக்குப் போன் செய்தார். சபாபதி அண்ணன் சனிக்கிழமை மாரடைப்பில் போய்விட்டாராம். "அந்தச் சின்னப் பெட்டியக் கொண்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்னிக்கு அபசகுனம்னு சொன்னாங்களே. வெளக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சேனே. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? என்னாலதான்னு சொல்லிட்டா?

வேறு ஆளை அனுப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. நான்தான் போக வேண்டும்.

14 டிசம்பர், சனி

போனேன். அதே கூடம். விளக்குக்குப் பக்கத்தில் அவர் படம். நான் வாசல் ஓரமாக உட்கார்ந்தேன். "உள்ள வாங்கண்ணே, அங்க என்னா?" என்றார் அக்கா. கருமக்கிரியைக் கார்டு அரை மணியில் முடிந்தது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூடப் போனேன். "அன்னிக்கு அவரு அடிச்சாரே, அது இருக்கா? அழிச்சிட்டிருப்பீங்க."

எனக்கு அழிக்கத் தெரியாது என்றேன். அந்த வீட்டில் அப்போது ஒருத்தர் சிரித்தார். அக்காதான்.

திறந்து காட்டினேன். அந்த ஒரு வரிதான், பாதியில் நிற்கிறது. அக்கா மிஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒங்ககிட்டதான் அடிக்கணும்னு புடிவாதமா இருந்தாரு. நான்தான் இழுத்துக்கிட்டே போனேன். இன்னும் யாருகிட்டயும் கார்டு அடிக்கக் குடுக்கல" என்றார். கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். கார்டு என் கையில்தான்.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கார்டிலும் நான் அதைத் தவறவிட்டதில்லை. மிஷினை என் பக்கம் திருப்பி, அவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று சேர்க்கப் போனேன். 'அ' மட்டும் விழுந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாண்ணே. அது அவரே அடிச்சது."

அந்த 'அ'வை எடுக்க வேண்டும். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, பொத்தானைத் தேடிப் பிடித்து, அழித்தேன். ஒரே ஓர் எழுத்து.