தேசம்மா அக்காவின் பாட்டுகள்

மேற்கு மாம்பலம்,
டிசம்பர் 1997

அன்புள்ள அம்மாவுக்கு, இன்னாசி வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்பட வேண்டாம். நான் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் ஊரூர் குப்பத்துப் படிப்பு மையத்துக்குத் தானமாக வந்த பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் திணறியது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இவற்றிலும் லேசாக ஓடும் என்று, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதை ஏற்றினேன். அவற்றில் ஒன்றில் மீன் விற்கும் தேசம்மா அக்கா, இறந்துபோன தன் அம்மாவின் பாட்டுகளை ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் அடித்து வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"இன்னா நைனா, ஒரு வார்த்த கேட்டுக்கினு செஞ்சிருக்கலாம்ல?" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

லினக்ஸில் தமிழ் அடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் அந்த ஒன்றில் மட்டும் பழைய விண்டோஸையே திரும்பப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பாடுகிறார், நான் அடிக்கிறேன். சில பாட்டுகளில் வரி மறந்து நடுவிலேயே நின்றுவிடுகிறார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அம்மா, இதோடு ஒரு காலி கேசட் அனுப்பியிருக்கிறேன். துணி துவைக்கும்போது பாடுவீர்களே, அதையெல்லாம் அதில் பாடி அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
இன்னாசி