நெவிலுக்கு எங்கே வலிக்கிறது

1998 மார்ச் 9, திங்கள்
இன்றும் நெவில் நொண்டிக்கொண்டேதான் பாடசாலைக்குப் போனான். கால் வலி தொடங்கி மூன்று கிழமை, இருபத்தொரு நாளாகிறது. அவன் அப்பா கிளறன்ஸ் ஷேவ் எடுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சோத்தக் கொறைச்சா மகனுக்கு எல்லாம் சரியாப் போகும் டொரதி." பதின்மூன்று வயதில் அப்பாவின் காற்சட்டையைப் போடுகிற பிள்ளைதான். அதற்காக வலியும் சோற்றிலிருந்தா வரும்? மூன்றாம் வகுப்புக் கொப்பிகள் இருபத்தாறு இன்னும் திருத்தாமல் கிடக்கின்றன.

மார்ச் 14, சனி
கட்டுகஸ்தோட்டையில் டொக்டர் மஹ்ரூபிடம் கூட்டிப் போனேன். "எங்க மகன் நோவுது?" என்று கேட்டார். நெவில் கையைத் தொடையில் வைத்தான், என்னைப் பார்த்தான், கையைக் கீழே இறக்கினான்.

"முழங்கால் டொக்டர்," என்றேன் நான்.

வகுப்பில் முழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தே பழகிய வாய். எத்தனை நாள், எப்போது கூடுகிறது, எல்லாவற்றுக்கும் நானே பதில். டொக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுப்பித்தார். எலும்பில் ஒரு குறையும் இல்லை. வளர்கிற வயதின் நோவாம். தைலமும் பண்டேஜும் தந்தார். நிம்மதி. வரும் வழியில் ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம்.

மார்ச் 27, வெள்ளி
தைலம் முடிந்தது, வலி முடியவில்லை. வீட்டில் அடிக்கிற வாசத்துக்குப் பூனைகூட வெளியில்தான் படுக்கிறது.

ஏப்ரல் 4, சனி
இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வத்தேகமவில் தங்கச்சி கத்தரீனா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனைக்கு எல்லாரையும் இறக்கினார்கள். ஜனவரியில் டவுனில் குண்டு வெடித்ததிலிருந்து இதே கதைதான். ஆண்களின் வரிசையில் நெவிலையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். பதினாறு ஆகாத பிள்ளைக்கு ஏது அட்டை? ஆனால் ஆளைப் பார்த்தால் பதினெட்டு. நான் கைப்பைக்குள் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆமிக்காரன் உடம்பைத் தடவிச் சோதிக்கத் தொடங்கிவிட்டான். தொடை இடுக்கில் கை பட்டதும் நெவில் அலறிக்கொண்டு மடங்கினான். ஆமிக்காரன் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். பிள்ளை அங்கே எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்திருப்பான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் கேட்க, என் பிள்ளைக்கு நோவு எந்த இடத்தில் என்று, அந்த இடத்தின் பெயரையே சொல்லி, சிங்களத்தில் கத்தினேன். வீட்டில்கூட நாங்கள் வாயில் எடுக்காத சொல். ஆமிக்காரனுக்கும் இருபது வயதுக்கு மேல் இராது, வெட்கப்பட்டுப் போனான். சான்றிதழைப் பார்த்தான். துவக்கை இறக்கினான். நடந்து காட்டச் சொன்னான்.

நெவில் பத்தடி நடந்தான். நான் எப்போதும் அவன் பக்கத்தில்தானே நடப்பேன் — பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. இடது பாதம் திறந்த கதவு மாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. முழங்காலா இது? எத்தனை நாளாக இப்படி நடக்கிறான்?

பஸ் ஏறியதும் கேட்டேன். "ஏன்டா முழங்கால்னு சொன்ன?"

"நா சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

"ஒனக்கு வாய் இல்லியா?"

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அந்த எடத்த எப்பிடிம்மா சொல்றது?"

"அதான் இப்ப ஊருக்கே சொல்லியாச்சே," என்றேன். அவன் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்
மறுபடி டொக்டர் மஹ்ரூப். இந்தமுறை கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நெவிலே சொன்னான், இடத்தையும் காட்டினான். டொக்டர் அவனைப் படுக்கவைத்துக் காலை மடக்கினார். கால் தானாக வெளியே சரிந்தது. அவர் முகம் மாறியது.

"அன்னைக்கே நான் இடுப்பப் பாத்திருக்கோணும் டீச்சர். என்ட பிழை. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இந்தக் கால நெலத்துல வெக்கவே வாணாம்."

த்ரீவீலரில் போனோம். இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் உச்சியில் உள்ள உருண்டை, கோனிலிருந்து ஐஸ்கிரீம் சரிவது போலச் சரிகிறது என்று எலும்பு டொக்டர் விளக்கினார். கொஞ்சம் குண்டான பிள்ளைகளுக்கு இந்த வயதில் வருமாம். முழுக்கச் சரிந்தால் உருண்டைக்கு இரத்தம் போகாது, ஆயுளுக்கும் நொண்டிதான். நல்லவேளை, கால்வாசிதான் சரிந்திருக்கிறது. உடனே ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும்.

பயந்தேன். ஆனாலும் பெயர் தெரிந்த வியாதி. அதுவே பாதி சுகம். நெவில் மட்டும், "ஐஸ்கிரீமுக்கா ஸ்க்ரூ?" என்று கேட்டு நர்ஸைச் சிரிக்க வைத்தான். கிளறன்ஸ் வார்டுக்கு வந்து கட்டிலருகே நெடுநேரம் நின்றார். சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி
புதனன்று ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. இன்று வார்டில் நான் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். அவன் என் பங்குப் பாண் துண்டுகளையும் தின்றான்.

மே 2, சனி
ஊன்றுகோலோடு எங்கள் மஹய்யாவ வீட்டுப் படிகளில் ஏறப் பழகுகிறான். பக்கத்து வீட்டு அழகம்மா வந்து, "டீச்சர், ஆமிக்காரனுக்கே ஏசினீங்களாமே," என்றார். நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்பதும் வந்து சேர்ந்திருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஜூலை 14, செவ்வாய்
கிளினிக். பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன்.

"நீங்க இருங்கம்மா. நா பேசிக்கிறேன்."

கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம். கதவுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு இரண்டு ஊன்றுகோலையும் ஒரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்து வந்தான்.

டொக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏறும் வரைக்கும் கேட்கவில்லை.