பதினாறாவது வரி

இன்று காலை மடிக்கணினியைத் திறந்தேன்; அது வாயைத் திறக்கவில்லை. பக்கவாட்டுத் துளையில் உள்ளங்கையை வைத்தேன். சூடான காற்று வந்தது, கூடவே தூசி வறுபடும் வாசனையும். உயிர் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. நேற்று மாலை மூடும்போதே புதிய இயங்குதளம் ஏறப்போகிறது, மின்சாரத்தை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுத்தான் அடங்கியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் குரல் கேட்டது. "கைய வச்சுப் பாருடி, மூச்சு விடுதா?"

கண் தெரிகிறவர்களுக்குக் கணினியில் சத்தம் போனால் பாட்டுதான் போயிற்று. உனக்கும் எனக்கும் திரையே போயிற்று. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை வைத்துத்தானே நாம் இருவரும் பிழைப்பு நடத்தினோம்? சத்தத்தைச் சரிசெய்ய ஒரு பட்டியலைத் திறக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல சத்தம் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பீரோ மாதிரி.

உனக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. நீ எதையும் எண்ணிவிடுவாய். உன் காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எத்தனை நிறுத்தம், உன் அலுவலக மாடிக்கு எத்தனை படி, வங்கி வாசலிலிருந்து என் நாற்காலிக்கு எத்தனை தப்படி, எல்லாம் உன்னிடம் கணக்காக இருந்தது. பார்வையற்றோருக்கான கணினி வகுப்பில் முதல் நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளிடம், என் பெயரைக்கூடக் கேட்காமல், "இந்த கீபோர்டுல மொத்தம் நூத்தி நாலு பட்டன், எண்ணிட்டேன்" என்றாய். நான் இட்லி தின்றால் தட்டில் கரண்டி படுவதை வைத்து எத்தனையாவது என்று சொல்லி மானத்தை வாங்குவாய். "மனுஷங்க ஏமாத்துவாங்க, எண்ணிக்கை ஏமாத்தாதுடி" என்பது உன் வேதவாக்கு. ஆண்டுகள் கழித்து இருவரும் மடிக்கணினி வாங்கியபோது ஒரே கடையில் ஒரே மாடல் எடுக்க வைத்ததும் நீதான். உன்னுடையதில் எத்தனையாவது வரியோ, என்னுடையதிலும் அத்தனையாவது வரி இருக்க வேண்டுமாம்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் புது மேலாளர் வந்த வருஷம் அது. நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. "நீங்க எதுக்கும்மா சிரமப்படுறீங்க? சும்மா உட்காருங்க, சம்பளம் வந்துரும்" என்றார். வாடிக்கையாளர் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுக்கப் போனார். நான் சண்டை போட்டு, திங்கட்கிழமை அவர் முன்னால் என் மடிக்கணினியில் ஒரு கடிதத்தைப் படித்துப் பதில் எழுதிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடி செய்யுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது உனக்குத் தெரியும்.

வாயைக் கொடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். புதியது நன்றாகப் படிக்குமாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமை இயங்குதளத்தை மேம்படுத்தினேன். ஞாயிறு காலை கணினி ஊமை.

உன்னைக் கூப்பிட்டேன். நீ துள்ளிக் குதிக்காத குறைதான். "ஒண்ணும் இல்லடி, சத்தத்த ஓட்டுற அந்த சவுண்டு டிரைவர் புரோகிராம் கெட்டுருக்கு. அதை அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணினா அதுவே புதுசா போட்டுக்கும்" என்றாய். தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு, நீ சொன்ன பொத்தான்களை அழுத்திச் சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். திறந்ததா என்பதும் நம்பிக்கைதான். "கீழ் அம்புக்குறி பதினாறு தடவ. நானும் கூட எண்றேன்." இருவரும் சேர்ந்து எண்ணினோம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிறமாதிரி. வலது, கீழே, டெலிட், என்டர். மறுபடி தொடங்க வைத்தோம். விசிறி நின்று, சுழன்றது. சத்தம் இல்லை.

"நீ தப்பா எண்ணியிருப்ப."

"கூடவே நீயும்தானே எண்ணின?"

மறுபடி பதினாறு. மூன்றாவது முறையும் பதினாறு. மதியம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எதையோ அழித்துக்கொண்டிருந்தோம், எதை என்று இருவருக்கும் தெரியாது. "போதும்டி, மாடி வீட்டு மாமியக் கூப்பிடறேன்" என்றேன்.

நீ, "கண்ணிருக்கவங்களைக் கூப்பிட்டுட்டா, அந்த மேனேஜர் சொன்னதுல என்னடி தப்பு?" என்றாய்.

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "உன் எண்ணிக்கைய நம்பி இருந்தா என் வேலையே போயிரும்" என்றேன். சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

மாமி வந்தாள். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நான் பதினாறு தடவை அழுத்தினேன். "சாஃப்ட்வேர் டிவைசஸ்னு போட்டிருக்குடி. சவுண்டு இதுக்கு அடுத்த வரியில இருக்கு" என்றாள். புது இயங்குதளம் பட்டியலில் ஒரு வரியைக் கூடுதலாகச் செருகியிருந்தது. உன் கணினியில் இருந்தது பழைய இயங்குதளம்; உன் எண்ணிக்கை உன் கணினிக்குச் சரி. இன்னொரு தடவை கீழே போனேன். ஐந்து நிமிஷத்தில் குரல் வந்தது. மாமி பயந்துபோய், "யாருடி அது பேசறது?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை கடிதத்தைப் படித்தேன், பதில் எழுதினேன். மேலாளர் "பரவாயில்லையே" என்றார். அந்த நாற்காலியில்தான் இன்றும் உட்காருகிறேன். மாமியைக் கூப்பிட்டது தப்பே இல்லை என்று இப்போதும் சொல்வேன். நீ எதிரில் இருந்தாலும் சொல்வேன். தப்பு அந்த ஒரு வாக்கியம்.

பதினோரு நாள் நீ பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு, உங்கள் தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி அரைமணி நேரம் பேசினாய். கணினியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் எடுக்கவில்லை. அப்பாடா, சமாதானமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை என் கணினி ஊமையானது. இரண்டு தடவையும் மாமியைத்தான் கூப்பிட்டேன், உன்னிடம் மறைத்தேன். மறைத்ததை உன்மேல் வைத்த மரியாதை என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று.

நீ போன ஆடியில் போனாய். சிறுநீரகம் என்றார்கள். பத்தாம் நாள் காட்டூர் வந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் தையல் கடையைப் பூட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பேசிக் கேட்டதே குறைவு. அன்றைக்கு அவராகவே பேசினார்.

"உங்க கம்ப்யூட்டர் அப்புறம் நல்லா இருக்குங்களா?"

இருக்கிறது என்றேன். ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை.

"அன்னிக்கு உங்ககூட சண்டை போட்டுட்டு, ஆபீசுக்குப் பத்து நாள் லீவு போட்டாங்க. உங்களுது மாதிரியே தன்னோடதையும் புதுசா மாத்தினாங்க. வேணும்னே அந்தச் சத்தத்த அழிக்கிறது, ஊமையாவே வச்சுக்கிட்டு அதத் தேடிப் புடிச்சுத் திரும்பக் கொண்டாறது. காலையில உட்காந்தா சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. சோத்துக்குக்கூட எந்திரிக்கல. கடைசியில ஒரு நாள் கையத் தட்டிச் சிரிச்சாங்க. எண்ணவே வேணாம்ங்க, எஸ், ஓ, யூ மூணையும் வேகமா அடிச்சா அதுவே நேரா சவுண்டுல போயி நிக்குதுன்னாங்க. அது என்னன்னு எனக்கு வெளங்கல. ஆனா அந்த மூணு எழுத்து மனசுல நின்னுருச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றேன்.

"நானும் கேட்டேங்க, போன் போட்டுச் சொல்லிற வேண்டியதுதானேன்னு. நானா சொல்ல மாட்டேன், அவளுக்குத் திரும்ப இப்படி ஆகும், அப்ப என்னைத்தான் கூப்பிடுவா, பாருங்கன்னாங்க. உங்க கம்ப்யூட்டர்தான் அப்புறம் கெடவே இல்லியே."

நான் தலையாட்டினேன். இரண்டு தடவை கெட்டது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? திரும்பி வரும்போது சத்திரத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கையில், எத்தனை பஸ்ஸை விட்டேன் என்று தெரியவில்லை. எண்ணுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எண்ணிக்கைதான் உனக்கு எல்லாம். அதை நீயே தூக்கிப் போட்டிருக்கிறாய், என் ஒரு வாக்கியத்துக்காக. கோபத்தில் செய்தாயா, பிரியத்தில் செய்தாயா என்று பிரித்துப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன். உன்னிடம் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன. நான்தான் கூப்பிடவில்லை.

இன்று காலை கைபேசியின் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்திருக்கலாம்; அதுவே வாசித்துச் சொல்லும் காலம் வந்துவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை. பட்டியலைத் திறந்தேன். எஸ், ஓ, யூ: சவுண்டின் முதல் மூன்று எழுத்து. முதல் தடவை மெதுவாக அடித்துவிட்டேன், எங்கே போய் நின்றதோ தெரியாது. மூடித் திறந்து மறுபடி அடித்தேன், நீ சொன்ன மாதிரி வேகமாக. வலது, கீழே, டெலிட், என்டர். மறுபடி தொடங்க வைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசிறி சுழன்றது. பிறகு அந்தக் குரல், மூக்கடைத்த மாதிரி, நேரத்தைச் சொன்னது. வீட்டில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

மாடிப்படியில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்றுகொண்டு, "என்னடி, கார்த்தாலேர்ந்து உன் பொட்டி பேசவே காணோமே, நான் வந்து படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் மாமி, சரியாயிடுச்சு."

"யாரு வந்து சரி பண்ணா?"

"காட்டூர்க்காரிதான் மாமி. கூப்பிட்டேன், வந்துட்டா."